பியாட்டுக்குப் புகை வராது

சினிமாவுக்கு டம்மி ஆயுதம் வாடகைக்கு விடும் குடோனில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு கை பொருளைத் தூக்க வேண்டும், இன்னொரு கை அது பொய்தான் என்கிற லெட்டரை நீட்ட வேண்டும். நடுவில் மூக்கு அரித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். மைக் செட்காரர், பந்தல்காரர், மேளக்காரர் என்று பொருளோடு பொருளாக ஊர் ஊராகப் போய் வருகிறவர்களுக்கு இது புரியும். நம்மை யாரும் பார்க்க மாட்டார்கள். தூக்கி வந்ததைத்தான் பார்ப்பார்கள்.

குடோனில் வாள், வேல், பிஸ்டல் எல்லாம் இருந்தாலும் நான் அதிகமாகத் தூக்கியது ஒன்றைத்தான். எந்தப் படத்துக்கோ செய்து, பிறகு யாரும் கேட்காமல் மூலையில் கிடந்த இரும்புக் குழாய். மூன்றடிக்குக் கொஞ்சம் மேல் நீளம். முன்னால் குழந்தைத் தொட்டில் மாதிரி ஒரு தகடு, பின்னால் தோளில் வைக்கக் கட்டை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்காகவே அந்த வேலையில் நின்றும்விட்டேன்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரியில், பசியாவரத்துக்கு அந்தப் பக்கம். அங்கே எங்கள் வீட்டுக்கு 'பியாட்டு வூடு' என்று பேர். தாத்தாவின் அப்பா பட்டாளத்தில் சேர்ந்து பர்மா சண்டைக்குப் போனவர். டாங்கியை ஒற்றை ஆள் தோளில் வைத்து அடிக்கிற ஆயுதம் அவர் கையில் இருந்தது. வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பி.ஐ.ஏ.டி. என்கிற நாலெழுத்துப் பேரை அவர் 'பியாட்டு' என்று சொல்லிச் சொல்லி, ஊர் அதை அவருக்கே வைத்துவிட்டது. அவர் தாத்தாவுக்குச் சொன்னதைத் தாத்தா எனக்குச் சொன்னார்: உள்ளே தொடைப் பருமனுக்கு ஒரு ஸ்பிரிங். சுட்டால் பின்னால் நெருப்பு வராது, புகை வராது. எங்கிருந்து அடித்தார்கள் என்று எதிராளிக்குத் தெரியாது. சுட்டவன் தோளுக்கு மட்டும் தெரியும்.

தாத்தாவுக்கு ஒரே ஆசை. தன் நைனா சொன்னபடி அது சுடுவதை ஒரு தடவை படத்தில் பார்த்துவிட வேண்டும். எந்தப் படத்திலும் வரவில்லை. தோளில் எவன் குழாயைத் தூக்கினாலும் பின்னால் குபுகுபுவென்று புகை. "பொகை வருது. இது அது இல்ல" என்று எழுந்து போய்விடுவார். பிறகு அவர் கண்ணில் பிரஷர் வந்தது. போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று பொன்னேரி டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஆசைக்கு அவசரம் வந்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் அப்பாவும் நைனாதான், கொஞ்சும்போது பேரனும் நைனாதான். தாத்தா, செத்துப்போன தன் அப்பாவையும் அப்படித்தான் சொல்வார், என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

போர் பைப்பு

குடோன் வண்டி ரிப்பேரான ஒரு நாள், மீஞ்சூர் பக்கம் ஷூட்டிங். பியாட்டை நீலத் தார்ப்பாயில் சுற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினேன். வெண்டர் பெட்டி. மீன் விற்றுவிட்டு காலிக் கூடையோடு திரும்புகிற பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தார்ப்பாய் ஒரு பக்கம் அவிழ்ந்து குழாய் எட்டிப் பார்த்த நேரத்தில் ரயில்வே போலீஸ்காரர் வந்து, "இன்னாது இது?" என்றார்.

எனக்குக் குரல் சின்னது. வீட்டிலேயே சோறு இரண்டு தடவை கேட்டால்தான் ஒரு தடவை விழும். "டாங்கிய சுடறது சார், டம்மி" என்றேன். ரயில் சத்தத்தில் அவர் காதில் 'சுடறது' மட்டும் விழுந்தது. லெட்டரை எடுக்க என் கை பைக்குள் போக, அவர் கை லத்திக்குப் போனது. எதிரே இருந்த கூடைக்காரம்மா எழுந்து ஒரு சத்தம் போட்டார்: "பைப்பு சார்! போர் பைப்பு! வூட்ல தண்ணி வரல, மாத்தறதுக்கு எட்த்துனு போறான் புள்ள!" போலீஸ்காரர் சிரித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். நீட்டிய லெட்டர் என் கையிலேயே இருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தம்மா சொன்னது பொய்யும் இல்லை, அது போர் பைப்புதான். அதைச் சொல்லி நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்:

"பொய்ய சத்தமா சொல்லணும் கண்ணு. உன்னிய மாதிரி நெசத்தயே முணுமுணுத்தா எவன் நம்புவான்?"

அது கட்டிய வேஷங்கள்

பியாட்டு நடித்த மாதிரி எந்த நடிகனும் நடித்ததில்லை. ஒரு படத்தில் தீவிரவாதியின் ராக்கெட் லாஞ்சர். ஒரு ராஜா கதையில், தொட்டில் தகட்டைக் கழற்றிவிட்டு, தளபதி கோட்டை மேல் நின்று பார்க்கிற தூரதர்சினி. சோப்பு விளம்பரத்தில் நுரை பீய்ச்சுகிற குழாய். ஒரு மெகா சீரியலில் மருமகள் கனவில் மாமியாரைக் குறிபார்த்தது. அந்த எபிசோடுக்கு எங்கள் குப்பத்தில் அமோக வரவேற்பு. தாத்தா மட்டும் டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பார்த்துவிட்டு, வழக்கம்போல எழுந்து போனார்.

அந்த சீரியல் ஷூட்டிங்கில் நடிகை அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். தோள்கட்டை முன்னால், குண்டு வைக்கிற பக்கம் காதுக்குப் பின்னால். சுட்டால் அவர் கொண்டைதான் போகும். டைரக்டரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அவர் மானிட்டரைவிட்டுக் கண்ணை எடுக்காமல், சலித்துக்கொள்ளாமல், எனக்கு விளக்கினார்:

"ஆடியன்ஸுக்கு எது முன்னாடி எது பின்னாடின்னுலாம் தெரியாது தம்பி. எந்தப் பக்கம் புகை வருதோ அது பின்னாடி."

கிட்டப் போகிறவன்

என் கூட்டாளி முரளி காட்டுப்பள்ளியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். சாப்பாட்டு இடைவேளையில் செல்போனில் சண்டை கேம் ஆடுவான். ஒரு நாள் அவனைப் பார்க்கப் போனபோது ஸ்கிரீனில் ஆயுதங்கள் வரிசையாக ஓடின. நடுவில் என் பியாட்டு! அதே தொட்டில், அதே கட்டை. பேர்கூட அதேதான், நாலெழுத்து. சொந்தக்காரனை வெளியூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்த மாதிரி இருந்தது. "மச்சான், அத்த எடுடா, அத்த எடு" என்று அவன் கையை உலுக்கினேன்.

எடுத்தான். ஒரு விரலால் தொட்டான், ஸ்பிரிங் தானாக ஏறிக்கொண்டது. எதிரே டாங்கி வந்தது. சுட்டான், குண்டு பாதி வழியிலேயே விழுந்தது. இன்னும் கிட்டே போனான். அதற்குள் அவனைச் சுட்டுவிட்டார்கள். ஸ்கிரீன் சிவப்பானது. மறுபடி ஆட வைத்தேன், மறுபடி செத்தான். மூன்றாவது தடவை அதைத் தள்ளிவிட்டு வேறு துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். எனக்கு முகம் தொங்கிப்போனது. தயிர்சாதத்தைப் பிசைந்தபடி அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்:

"வேஸ்ட்டு மச்சான் இது. டாங்கி மூஞ்சிக்கு நேரா போய் நின்னாத்தான் அடிக்க முடியும். போறவன் திரும்ப வரமாட்டான்."

ஸ்பிரிங்

முரளி சொன்னதைத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் வலையில் சிக்கிய நண்டுக் காலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "ஆமா, கிட்டத்தான் போவணும். நைனா அத்த மட்டும் சொல்லமாட்டாரு. ஸ்பிரிங்கு கதையே சொல்லுவாரு" என்றார். அவர் நைனா குள்ளம். மற்றவர்கள் கட்டையை மிதித்துக்கொண்டு நின்றபடி ஸ்பிரிங்கை ஏற்றுவார்களாம். இவருக்கு எட்டாது. அதனால் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் கட்டையில் முட்டுக்கொடுத்து, கரைவலை இழுக்கிற மாதிரி இடுப்பால் இழுப்பாராம். வெள்ளைக்கார ஆபீசர் பார்த்துச் சிரிப்பாராம். ஆனால் முதலில் ஏறுவது இவர் ஸ்பிரிங்தானாம்.

எங்கள் டம்மிக்குள் ஒன்றும் இல்லை, வெறும் குழாய். புகை மிஷினை நம்பியே பிழைத்தது. ஸ்பிரிங் இருந்தால் புகை எதற்கு என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. குடோன் வெல்டர் செல்வம் அண்ணனைப் பிடித்தேன். ஷேர் ஆட்டோவில் கழற்றிய ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கை உள்ளே வைத்து, இழுக்க ஒரு பிடி, விட ஒரு கொக்கி போட்டுக் கொடுத்தார். ஃபைபரில் ஒரு குண்டும் ஆயிற்று. பிறகு ஏற்றிப் பார்த்தோம். அண்ணன் நின்றுகொண்டு இழுத்தார், மூச்சு வாங்கியது. குடோன் டிரைவர் இழுத்தார், வேட்டி அவிழ்ந்தது. நான் தரையில் மல்லாந்து படுத்தேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். காலை முட்டுக்கொடுத்து, வலைக் கயிறு என்று நினைத்துக்கொண்டு இழுத்தேன். 'க்ளக்' என்று கொக்கி விழுந்தது.

அண்ணன் என் நீட்டிய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தா கதையெல்லாம் பட்டாளத்துக்காரன் விடுகிற புருடா என்று அதுவரை சொல்லிவந்தவர் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"உங்க தாத்தாவோட அப்பா டாங்கிய அடிச்சாரோ இல்லியோ தெரியாது தம்பி. ஆனா இதுக்குப் பக்கத்துல படுத்திருக்காரு."

டேங்க்

பிறகுதான் அந்த வெப் சீரிஸ் வந்தது. பர்மா சண்டைக் கதை. எங்கள் குப்பத்துக்கு எதிரே இருக்கிற மணல்திட்டை பர்மா ஆற்றங்கரையாக்கிவிட்டார்கள். பியாட்டு, முதன்முறையாக, பியாட்டாகவே நடிக்கப்போகிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் அனுமதி வாங்குகிற வேலை, உள்ளூர்க்காரன் என்று என் தலையில் விழுந்தது. கம்பெனி லெட்டரைக் கொடுத்தேன். பெரியவர் ஒருவர் எழுத்துக் கூட்டி சத்தமாகப் படித்தார்: "மேற்படி கிராமத்தில் டேங்க்கைத் தகர்க்கும் காட்சி..."

உப்புத் தண்ணீருக்கு நடுவே இருக்கிற ஊர் எங்களுடையது. எங்களுக்கு டேங்க் என்றால் ஒன்றே ஒன்றுதான், நாலு காலில் நிற்கிற குடிதண்ணீர் டேங்க். எத்தனை தடவை பொன்னேரி போய் உட்கார்ந்து வாங்கியது! கூட்டம் பொங்கிவிட்டது. "சினிமாவுக்கு எங்க டேங்குதான் கெட்ச்சுதா?" என்று ஒருவர் துண்டை உதறினார். நான் "போர் வண்டி, போர் வண்டி" என்றேன். "தண்ணி வண்டிய வேற ஒடைக்கறாங்களா?" என்று ஒருவர் கேட்டார். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. தாத்தாவின் நைனா பர்மாவில் தண்ணீர் டேங்க்கைத்தான் உடைத்தார், ஜப்பான்காரன் தாகத்தில் தோற்றான் என்று பத்து வயது வரை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு வழியாக செல்போனில் டாங்கிப் படத்தைக் காட்டியதும், கலைந்து போக ஆரம்பித்தார்கள். ஆனால் மூன்றாம் வீட்டு அக்கா மட்டும் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று குடத்தோடு டேங்க் அடியில் போய் நின்றுகொண்டார்:

"எந்த டேங்க ஒடைப்பியோ எனுக்குத் தெரியாது. ஒடைக்கறதுக்கு முன்ன எனுக்கு ரெண்டு கொடம் புடிச்சுக் குட்த்துட்டு ஒட."

ஒரு டேக்

பிளைவுட் டாங்கியை டிராக்டர் மேல் பூட்டி, மணலில் நிறுத்தினார்கள். டைரக்டர் மேடம் சின்ன வயது, கோபப்படாதவர். இரண்டு நாளாக அவரிடம் ஒரு விஷயம் சொல்ல அலைந்தேன். மூன்று தடவை பக்கத்தில் போய்த் தொண்டையைச் செருமினேன். இருமல் மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாள் மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கிறது, புகை மிஷின்காரர் ஹீரோவின் முதுகுக்குப் பின்னால் வந்து குந்திவிட்டார். 'ரோல்' என்றார்கள். ரயிலில் கூடைக்காரம்மா போட்ட சத்தம் எங்கிருந்தோ எனக்குள் வந்தது.

"பொகை வராது!" என்று கத்தினேன். யூனிட் மொத்தமும் திரும்பியது. கரையோரம் மேய்ந்த கொக்குகள் எழும்பிவிட்டன. மேடம் வந்து, "புகை இல்லேன்னா சுட்ட மாதிரியே தெரியாதே தம்பி" என்றார். தாத்தாவைப் பற்றி, அவர் நைனாவைப் பற்றி, கண்ணைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஒரு டேக் புகையோட எடுக்கறேன். ஒரு டேக் உங்க தாத்தாவுக்கு" என்றார். ஆனால் தாத்தா டேக்கில் ஹீரோவால் ஸ்பிரிங்கை ஏற்ற முடியவில்லை. ஃபைட் மாஸ்டர் என்னைப் பார்த்தார். காக்கிச் சட்டையை எனக்கு மாட்டி, முகம் தெரியாதபடி கேமராவை முதுகுப்பக்கம் வைத்தார்கள்.

மல்லாந்து படுத்து ஏற்றினேன். புரண்டு, முழங்கையை ஊன்றி, கட்டையைத் தோளில் அழுத்தினேன். பிளைவுட் டாங்கி மெதுவாக உறுமிக்கொண்டு வந்தது. கிட்டத்தான் போக வேண்டும் என்று முரளி சொன்னது ஞாபகம் வந்து, அது மூஞ்சிக்கு நேரே வரும்வரை பொறுத்திருந்தேன். விட்டேன். நெருப்பில்லை, புகையில்லை, குண்டு மட்டும் போய் பிளைவுட்டில் 'டொக்' என்றது. கட்டை என் தோளில் இடித்த இடியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. மேடம் 'கட்' என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சவுண்ட் இன்ஜினியர் மட்டும் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே வந்தார்:

"அது சுட்ட சத்தத்தவிட, தம்பி, நீ 'அம்மா'ன்னதுதான் மைக்ல ஜாஸ்தி."

பொகை

தோளில் நீலம் பாய்ந்தது மறைய இரண்டு வாரம். சீரிஸ் வெளிவர மழைக்காலம் வந்துவிட்டது. அதற்குள் தாத்தாவின் ஒரு கண் போய்விட்டது. மறு கண்ணில், பனிக்காலத்து ஏரி மாதிரி, நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. ஒரு மத்தியானம் முரளி வீட்டுப் பெரிய டிவியைத் தூக்கி வந்து, அவர் மூக்குக்கு நேராக வைத்தோம். மணல்திட்டு வந்தது. காக்கிச் சட்டை முதுகு வந்தது. என் டேக்தான்! மல்லாந்து படுத்து ஏற்றுவதை முழுசாக வைத்திருந்தார்கள். "தாத்தா, பாரு, இப்போ பாரு" என்றேன்.

முதுகு அசைந்தது. உடனே பின்னால் குபீரென்று புகை. கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார்கள். அசிஸ்டென்ட் டைரக்டருக்குப் போன் அடித்தேன். "டேக் உங்களதுதான் தம்பி, புகை மட்டும் சி.ஜி." என்றார். நான் போனை வைத்துவிட்டுத் தாத்தா எழுந்து போவதற்காகக் காத்திருந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தபா போடு" என்றார்.

"பொகை வருது தாத்தா. இது அது இல்ல."

"பொகை என் கண்ணுலயே கீது. எதப் பாத்தாலும் அத்த ஒதுக்கிட்டுதான் பாக்கறேன். நீ போடு."

போட்டேன். மறுபடி போட்டேன். ஐந்தாவது தடவையில், முதுகு குலுங்குகிற இடத்தில், "நிறுத்து" என்றார். படம் நின்றது. புகையின் ஓரத்தில், காக்கிச் சட்டைக்குள் வலது தோள் பின்னால் துள்ளியிருந்தது. அதற்கு சி.ஜி. யாரும் போடவில்லை. தாத்தா முகத்தை டிவிக் கண்ணாடியோடு ஒட்டவைத்துப் பார்த்தார். பிறகு மீன் செதில் ஒட்டிய விரலால் திரையில் அந்தத் தோளை மெதுவாகத் தடவினார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்தேதான் கேட்டார்:

"ரொம்ப நோவுதா, நைனா?"

வாடகைக்குப் போகிற எந்தப் பொருளையும் யாருடையது என்று கேட்டுத் திருப்பிச் சேர்ப்பதுதான் எங்கள் தொழில்; அந்தக் கேள்வி எனக்கா, அவர் நைனாவுக்கா என்று இன்றுவரை தெரியாததால், அதை மட்டும் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.